கழுவி எடுத்து வரவும்

"இத்த மாதிரி ஒண்ணு குடு" என்று ஒருத்தர் கறுப்பு ரப்பர் ஒன்றைக் கண்ணாடி மேல் வைக்கிறார். வண்டி பேர் தெரியாது. வருஷம் தெரியாது. முன் சக்கரமா, பின் சக்கரமா என்று கேட்டால் "சக்கரம்தான்" என்கிறார். அவருக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். எனக்குப் பின்னால் முதலாளி நிற்கிறார். பிரேக் சாமான் வியாபாரம் என்பது இவ்வளவுதான். பிரேக் பிடிக்காதபோது வண்டிக்காரர் முதலில் சாமியைக் கூப்பிடுகிறார். பிழைத்து வந்தபிறகு கடைக்கு வந்து என்னைத் திட்டுகிறார்.

கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று திட்டு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்றும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கணக்கு வரவில்லை, உட்கார்ந்து படிக்கப் பொறுமையும் இல்லை. செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சேர்ந்தேன். கடையில் முதலாளி, பில் போடும் தேவி அக்கா, நான். வேறு ஆள் கிடையாது. முதலாளி அதற்கு முன்னால் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மச்சான் நடத்த முடியாமல் விட்ட இந்தக் கடை அவர் தலையில் வந்து விழுந்தது. ஜவுளிக்கடைக்கு யாரும் கிரீஸ் கையோடு வரமாட்டார்கள். இங்கே வேறு மாதிரி யாரும் வரமாட்டார்கள். அவருக்கு அது கடைசி வரைக்கும் பழகவில்லை.

வெள்ளைச் சட்டை

எங்கள் தொழிலில் வாயால் சொன்னால் நம்பமாட்டோம். தேய்ந்துபோன பழைய பார்ட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வரவேண்டும். அதற்குப் பேர் சாம்பிள். சாம்பிள் எப்படி வரும் என்று கேட்காதீர்கள். லுங்கி மடிப்பில் வரும், டிபன் பாக்ஸ் மூடியில் வரும், ஒரு தடவை பிள்ளையின் ஸ்கூல் பையில் வந்தது.

அன்றைக்கு முதலாளி தங்கச்சி மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஓர் அம்பாசிடர் டாக்ஸிக்காரர் வந்தார். பின் சக்கரத்துக்குள் இருந்ததை எல்லாம் ஒரு தினத்தாளில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, "இந்தா, எது வோணுமோ நீயே பாத்துக்க" என்று கவுண்ட்டர் மேல் போட்டார். பொட்டலம் வெடித்தது. கறுப்புக் குழம்பு கண்ணாடி முழுக்க ஓடி, விளிம்பில் ஒரு நொடி நின்று, முதலாளி சட்டையில் இறங்கியது.

மறுநாளே என் கையில் பெயிண்ட் டப்பாவைக் கொடுத்தார். எனக்கு உருப்படியாக வந்த ஒரே பாடம் கையெழுத்து. தகரப் பலகையில் மஞ்சள் பூசி, சிவப்பில் எழுதினேன்: "சாம்பிளைக் கழுவி எடுத்து வரவும்." அழகாகத்தான் வந்தது. வாசலிலேயே மாட்டினோம். அதே டாக்ஸிக்காரர் அடுத்த வாரம் வந்து பலகையை நின்று படித்தார். உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்: "இன்னா அண்ணாத்த, ஸ்பேர் பார்ட்ஸ் கடையா, நகைக்கடையா இது?"

பேர் உதிர்ந்த கார்

ஏசுபாதம் அண்ணன் மாமல்லபுரத்துக்காரர். திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் வந்திறங்கினார். சட்டைப் பையிலிருந்து பாலிதீன் கவரை எடுத்தார். கவருக்குள் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் கப்.

கப் என்றால் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. சக்கரத்துக்குள் பிரேக் சிலிண்டர் என்று ஓர் இரும்புக் குழாய் இருக்கும். அதற்குள் காசு அகலத்தில் ஒரு ரப்பர் கிண்ணம் இருக்கும். பிரேக்கை மிதித்தால் ஆயில் அந்தக் கிண்ணத்தைத் தள்ளும், அது மற்றதைத் தள்ளும், சக்கரம் நிற்கும். கிண்ணம் தேய்ந்தால் ஆயில் கசிந்து போகும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் கால்தான் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

அவ்வளவு சுத்தமான சாம்பிளை நான் பார்த்ததே இல்லை. புதுச் செருப்பு மாதிரி பளபளத்தது.

"போன வாரமே வந்தேன் தம்பி. பலகையைப் பாத்துட்டு அப்படியே திரும்பிட்டேன். வூட்டுக்குப் போயி ராவெல்லாம் கிருஷ்ணாயில்ல ஊறவெச்சி, பிரஷ் போட்டுத் தேச்சி எடுத்துக்கினு வந்துகீறேன்."

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாடா, கஸ்டமர்னா இப்படி இருக்கணும்" என்றார். ஒரு டீ சொல்லச் சொன்னார். யாருக்கும் டீ சொல்லாதவர் அவர்.

"இன்னா வண்டிண்ணா?" என்றேன்.

"ஜப்பான் கார்."

"ஜப்பான்ல இன்னா கார்?"

"எழுத்தெல்லாம் உப்புக் காத்துல கொட்டிப் பூடுச்சி. பின்னால ஒரே ஒரு எழுத்து கீது. அதுவும் ஆடிக்கினு கீது."

"ஆர்.சி. புக்குல இன்னா போட்டுகீறான்?"

"வெளிநாட்டுக் கார்னு போட்டுகீறான்."

கடற்கரையில் விருந்தினர் விடுதி நடத்திய வெள்ளைக்காரர் ஒருவருக்கு ஏசுபாதம் அண்ணன் வருஷக்கணக்கில் கார் ஓட்டியிருக்கிறார். அந்த ஆள் ஊரைவிட்டுப் போகும்போது பழைய காரை இவர் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். "எங்கப்பா அடுத்தவன் நெலத்துல ஏர் ஓட்டுனாரு. நான் அடுத்தவன் வண்டி ஓட்டுனேன். எங்க வம்சத்துலயே சொந்தமா எங்க பேர்ல கீறது இது ஒண்ணுதான்" என்றார். கடற்கரை ஓட்டல் மேனேஜர் ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார்: சீசன் ஆரம்பிப்பதற்குள் பிரேக்கைச் சரி செய்து காட்டினால், ஓட்டல் வாசலில் இவர் காரை நிறுத்திக்கொள்ளலாம். டூரிஸ்டு சவாரி எல்லாம் இவருக்குத்தான். இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சாம்பிளை அளப்பதே இல்லை. அம்பாசிடர் என்று சொன்னால் அம்பாசிடர் கப்பை எடுத்துக் கொடுப்போம். சாம்பிள் சும்மா கண்ணால் பார்த்துக்கொள்ளத்தான். பேர் தெரியாத வண்டி வந்தால்தான் அளவு. அன்றைக்குத்தான் அளக்கிற காலிப்பரைத் துரு தட்டி வெளியே எடுத்தேன். அளந்தால், எங்கள் ராக்கில் இருந்த ஒரு சைஸுக்குப் பெரிசு, அடுத்த சைஸுக்குச் சின்னது. எந்த டப்பாவிலும் சேரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. "பேரே தெரியாம எப்படிண்ணா பார்ட் தேடுறது?" என்று வெடுக்கென்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "பேரு தெரியாதவன் பசியோட வந்தா உங்க வூட்ல சோறு போடமாட்டீங்களா தம்பி?"

வக்கா

நடுவில் இதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா நாளும் அழுதுகொண்டே இருந்தோம் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

மழை முடிந்து வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்திருந்த சமயம். அங்கே ஏதோ பூத்திலிருந்து ஒருத்தர் போன் செய்தார். காரில் பிரேக்கை மிதித்தால் சத்தம் வருகிறதாம், என்ன பார்ட் போயிருக்கிறது என்று கேட்டார். என்ன மாதிரி சத்தம் சார் என்றேன். "வக்கா மாதிரிப்பா" என்றார். வக்கா என்பது ஏரியில் மீன் பிடித்துத் தின்கிற பறவை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வக்கா எப்படி சார் கத்தும் என்று கேட்டேன். தெரியாமல்தான் கேட்டேன். மனுஷர் பூத்துக்குள் நின்றுகொண்டு வக்கா மாதிரி கத்திக் காட்டினார். ஒரு தடவை இல்லை. மிதித்தவுடன் ஒரு மாதிரி, காலை எடுக்கும்போது ஒரு மாதிரி. போனைத் தேவி அக்காவிடம் நீட்டினேன். அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் முழுசாகக் கேட்டது. பிறகு போன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னது: "பிரேக் பேடு குடுத்துப் பாரு. அடங்கலன்னா மீனு குடுத்துப் பாரு."

புதுப்பேட்டை

ஏசுபாதம் அண்ணன் கப்பைத் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினேன். எழும்பூரில் இறங்கினால் புதுப்பேட்டை நடக்கிற தூரம்தான். உடைத்த கார்களின் உறுப்பெல்லாம் அங்கே தெருவிலேயே கிடக்கும். கதவுகள் ஒரு பக்கம் அடுக்கி இருக்கும், கண்ணாடிகள் ஒரு பக்கம். எந்தக் கார் செத்தாலும் அங்கேதான் கொண்டுவருவார்கள். அங்கே கிடைக்கவில்லை என்றால் எங்கேயும் கிடையாது என்பது எங்கள் தொழிலில் பேச்சு.

கடை கடையாக ஏறினேன். ஒருத்தர் பார்த்துவிட்டு, ஜீப்பு என்றார். ஜீப்புக் கப்பைப் போட்டுப் பார்த்தால் சின்னது. ஒருத்தர் லாரி என்றார். லாரிக் கப்பு பெரிசு. இன்னொருத்தர் தீப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "குக்கர் வாஷர் விக்கிற கடை அந்தாண்ட கீது" என்றார். ஜி.பி. ரோட்டுக்கும் போனேன். அங்கே புதுச் சாமான் கடைகள். ஏ.சி.யில் உட்கார்ந்திருந்தவர் கையில் வாங்கவே இல்லை, தூரத்திலிருந்தே தலையை ஆட்டினார். மதியம் சாப்பிடாமல் அலைந்ததில் எனக்குத் தலை வலித்தது.

திரும்பும்போது புதுப்பேட்டை முனையில் ஒரு சின்னக் கடை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருத்தர் பரோட்டா தின்றுகொண்டிருந்தார். கப்பை இடது கையால் வாங்கி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தார். "கொழகொழன்னு கீது" என்றார். அதற்குப் பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவசரத்தில் இருந்தேன், ட்ரெயின் போய்விடும். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துக் கப்பைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். பின்னாலிருந்து கத்தினார்: "டேய், ரப்பரைத் தூக்கிக்கினு ஊரெல்லாம் சுத்துறியே, இரும்பு எங்கடா?"

வார்த்து வந்த கப்

கிடைக்காவிட்டால் செய்துவிடலாம் என்பது என் யோசனை. அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் ரப்பர் வார்த்துத் தருவார்கள் என்று கேள்விப்பட்டு சாம்பிளை அனுப்பினேன். அப்படியே அச்சு எடுத்த மாதிரி வந்தது. காலிப்பர் வைத்துப் பார்த்தேன், மயிரிழை வித்தியாசம் இல்லை. ஏசுபாதம் அண்ணன் வந்து வாங்கிக்கொண்டு போனபோது கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் பிடித்துத்தான் இருந்தது.

நாலு நாளில் திரும்பி வந்தார். கப் சிலிண்டருக்குள் நுழையவில்லையாம். ஆயில் தடவி, கட்டைவிரலால் அமுக்கி, கடைசியில் ஸ்குரூடிரைவர் பிடியை வைத்துத் தள்ளி உள்ளே அனுப்பியிருக்கிறார். உள்ளே போனது அப்படியே இறுகிக்கொண்டது. சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி அசையவில்லை.

அந்த இடத்திலாவது எனக்கு மண்டையில் உறைத்திருக்கவேண்டும். காரிலிருந்து எடுத்த கப்பின் அளவிலேயே செய்த கப், அதே காருக்குள் ஏன் நுழையவில்லை? அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. "பட்டறைக்காரன் பெரிசா வார்த்துட்டாண்ணா" என்றேன். அவனையும் போனில் பிடித்துத் திட்டினேன். பாவம், அவன் சரியாகத்தான் வார்த்திருந்தான். ஏசுபாதம் அண்ணன் வெறும் கைக்குட்டையை மடித்தார். சிரிக்கத்தான் பார்த்தார். "முன்ன நிக்கமாட்டேன்னுச்சு. இப்ப நகரமாட்டேங்குது."

சீசன்

அதற்குப் பிறகும் அவர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தார். வந்து பெஞ்சில் உட்காருவார். கிடைத்ததா என்று கேட்கமாட்டார். நான்தான், "இன்னும் இல்லண்ணா" என்பேன். "செரி தம்பி" என்பார். டீ குடிப்பார். பஸ் வரும், போய்விடுவார். திட்டுகிற கஸ்டமரைச் சமாளித்துவிடலாம், பதிலுக்குத் திட்டலாம். திட்டாதவர் வந்து உட்கார்ந்தால் எங்கே பார்ப்பது என்று தெரிவதில்லை. நான் உள்ளே போய் ராக்கைத் துடைப்பேன்.

டூரிஸ்டு பஸ்கள் வர ஆரம்பித்தன. ஓட்டல் மேனேஜர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வாசலில் வேறு ஒரு டாக்ஸியை நிறுத்திக்கொண்டார். அதைச் சொல்ல ஏசுபாதம் அண்ணன் வந்த அன்று அவருடைய மகளும் கூட வந்திருந்தாள். மூன்றாவது படிக்கிற பெண். வீட்டில் இடம் இல்லாததால் காருக்குள் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாளாம். கதவைச் சாத்திக்கொண்டால் சத்தம் வராதாம். பக்கத்தில் எல்லாம் கல் செதுக்குகிற பட்டறைகள், நாள் முழுக்க உளிச் சத்தம்தான். "இனிமே பார்ட்டு கெடச்சாலும் செரி, கெடைக்கலன்னாலும் செரி. ஆனா தேடிக்கினே இரு தம்பி" என்றார் ஏசுபாதம் அண்ணன். அந்தப் பெண் கவுண்ட்டர் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு உள்ளே இருந்த சாமான்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: "ஓடாத வண்டிக்கு பிரேக்கு எதுக்குப்பா?"

கிருஷ்ணாயில் டப்பா

கவுண்ட்டருக்குக் கீழே ஒரு டப்பாவில் கிருஷ்ணாயில், அதாவது மண்ணெண்ணெய், வைத்திருப்போம். கிரீஸ் கையைக் கழுவத்தான். ஒரு சனிக்கிழமை ஏதோ வேன்காரருக்கு முக்கால் இஞ்ச் கப் எடுத்துக் கொடுக்கும்போது ஒன்று கை தவறி உருண்டு போனது. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. தொலைந்தால் தொலையட்டும் என்று வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அந்த சைஸ் எங்கள் கடையில் ஒரு டப்பா நிறையக் கிடக்கும். ஊரில் ஓடுகிற பாதி வேன்களுக்கு அதுதான்.

திங்கட்கிழமை கழுவ டப்பாவுக்குள் கையை விட்டபோது ஏதோ விரலில் தட்டுப்பட்டது. எடுத்தேன். முதலில் எனக்கு அது என்னவென்று புரியவில்லை. ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி, பளபளவென்று இருந்தது. அழுத்தினால் கொழகொழவென்று இருந்தது. புதுப்பேட்டை ஆள் பரோட்டாக் கையோடு சொன்ன அதே வார்த்தை. ஏசுபாதம் அண்ணன் சாம்பிள் என் டிராயரில்தான் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அளவில் அப்படியே ஒன்றாக இருந்தன.

பிரேக் ரப்பர் பிரேக் ஆயிலுக்குத்தான் தாங்கும். மண்ணெண்ணெய் பட்டால் உப்பும். எந்த நல்ல பிரேக் மெக்கானிக்கும் இதைச் சொல்லியிருப்பான். யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் நான் யாரையும் கேட்கவில்லை. ஏசுபாதம் அண்ணன் மெக்கானிக்கிடம் போகாமல் தானே கழற்றினார். எங்கள் பலகையைப் படித்துவிட்டு மரியாதைக்காக ராத்திரி முழுக்க ஊறவைத்தார். உப்பிப்போன ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, உலகத்திலேயே இல்லாத ஒரு சைஸை மாசக்கணக்காகத் தேடினேன். சிலிண்டர் இரும்பை அளந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. இரும்பு உப்பாது.

தேவி அக்கா இரண்டு கப்பையும் பார்த்தது, ராக்கையும் பார்த்தது. "அப்போ இத்தினி நாளா நம்ம முதுகுக்குப் பின்னாலயே இருந்துச்சாடா?" என்றது. முதலாளிக்கு விஷயம் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வாசல் பக்கம் பலகையைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். ஜவுளிக்கடையில் சாயம் போன துணியைத் திருப்பிக் கொண்டுவருகிற ஆளிடம் பேசுகிற குரல் அதுவாகத்தான் இருக்கும். "கப்பை எடுத்துக்கினு போயி அவர் கையில குடு. மெட்ராஸ்லேர்ந்து வந்துச்சின்னு சொல்லு. காசு வாங்காத. வேற எதுக்கும் வாயத் தொறக்காத, கம்முனு வந்துடு."

பின் சீட்டு

மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைகளுக்குப் பின்னால் அவர் வீடு. கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். பட்டறைத் தூசி பட்டுத் தென்னங்கீற்றெல்லாம் வெள்ளையாக இருந்தது. வீட்டுப் பக்கத்தில் மண்ணில் நாலு செங்கல் அடுக்குகள். நடுவில் ஆயில் ஒழுகிய கறுப்பு. கார் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக் கார் தெருமுனையில் வந்து நின்றது. ஏசுபாதம் அண்ணன் இறங்கினார். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. சிறுசேரியில் கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலையில் சேர்ந்துவிட்டாராம். அந்த வெள்ளைக் கார் கம்பெனிக்காரர்களுடையது. "வா தம்பி, வா. நாஸ்தா துன்னியா?" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

"கார்ண்ணா?" என்றேன்.

"போன வாரம் குடுத்துட்டேன். புதுப்பேட்டைலேர்ந்து வந்து, லாரில கட்டி இஸ்துகினு போனானுங்கோ. ஒடைக்கத்தான். பின் சீட்டை மட்டும் நான் கழட்டி வெச்சிக்கினேன், பொண்ணு கேட்டாள்னு. குந்து."

நான் உட்கார்ந்திருந்தது அதில்தான். கூடத்தில் சுவரோரம் போட்டிருந்தார்கள். நல்ல சீட்டு, உட்கார்ந்ததும் உள்ளே வாங்கிக்கொண்டது. மறு ஓரத்தில் அந்தப் பெண் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள்.

அவர் டம்ளரில் காப்பி கொண்டுவந்தார். "கவலைப்படாத தம்பி. நீ எவ்ளோ அலைஞ்சேன்னு எனக்குத் தெரியும். இந்த உலகத்துலயே அதுக்கு பார்ட்டு இல்லன்னா நீ இன்னா பண்ணுவே, நான் இன்னா பண்ணுவேன்? அத்த நெனச்சிதான் மனசத் தேத்திக்கினேன்" என்றார்.

கார் இல்லை. கப்பைக் கொடுக்க வழியில்லை. மெட்ராஸிலிருந்து வந்தது என்று பொய் சொல்லவும் தேவையில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். எவன் வந்து என்னைக் கேட்கப்போகிறான்? ஆனால் பாக்கெட்டில் அந்தக் கப் தொடையில் உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு உட்காரத் தெரியாது. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான்.

சொல்லிவிட்டேன். பலகை, மண்ணெண்ணெய், ரப்பர் உப்பியது, எங்கள் ராக்கிலேயே ஒரு டப்பா நிறைய இருந்தது, எல்லாவற்றையும். கப்பை எடுத்து சீட்டின் மேல் எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் வைத்தேன்.

வெளியே உளிச் சத்தம் நிற்கவே இல்லை. அவர் கப்பைக் கையில் எடுக்கவில்லை. அந்தப் பெண்தான் எடுத்து, ஒரு விரலில் மாட்டிப் பார்த்தாள். அவர் மெதுவாக அதை வாங்கி என் கையில் திருப்பி வைத்து, விரல்களை மூடினார்.

"இத்த நீ சொல்லாமயே இருந்திருக்கலாம் தம்பி. இல்லாத பொருளுக்கு இன்னா பண்றதுன்னு நிம்மதியா தூங்கிக்கினு இருந்தேன்."

முதலாளி எனக்குச் சொன்ன வேலைகளில் ஓடாமல், தூக்காமல், அளக்காமல் செய்யக்கூடிய ஒரே வேலை வாயை மூடிக்கொண்டு வருவதுதான். நான் செய்யாமல் விட்டதும் அது ஒன்றைத்தான்.